வேட்டி, வாயில் துணி, குளியலறைத் திரை: குறைந்த செலவில் ஒளியை மென்மையாக்க எதை வாங்கலாம்?

கோலாலம்பூரில் சொந்தக் காசைப் போட்டுக் குறும்படம் எடுக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கேமரா, லென்ஸ், மைக் வாடகையெல்லாம் போக, விளக்குக்கு என்று கையில் நிற்பது பெரும்பாலும் 200, 300 வெள்ளிதான் (ரிங்கிட்). அதில் இன்னொரு சின்ன எல்இடி விளக்கு வாங்கலாமா, இல்லை இருக்கிற விளக்கின் ஒளியை மென்மையாக்கும் பொருள்களை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். 60 வாட் விளக்கு ஒன்றும் அதற்கேற்ற துணியும் அதை இழுத்துக் கட்டும் சட்டமும் இருந்தால் ஒரு வீட்டு வரவேற்பறைக் காட்சியை முழுதாக எடுத்து முடித்துவிடலாம். மூன்று விளக்கு இருந்தும் மூன்றும் நேராக முகத்தில் அடித்தால், மூக்கு நிழல் மூன்று பக்கமும் விழுந்து கிடக்கும்.

சரி, எந்தப் பொருள்? ஒளியைச் சிதறவிட்டு மென்மையாக்குவதற்கென்றே செய்து விற்கும் டிஃப்யூஷன் ரோல், டிரேசிங் பேப்பர், கேக் சுடும் பேக்கிங் பேப்பர், குளியலறைத் திரை, படுக்கை விரிப்பு, வெள்ளை வேட்டி, மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ‘வாயில்’ (voile) என்ற மெல்லிய துணி, காகித விளக்குக் கூண்டு, பாலிஸ்டைரின் (தெர்மாகோல்) பலகை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாமே வேலைக்கு ஆகும். ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. எது எந்த இடத்துக்கு என்று பார்க்காமல் வாங்கும்போதுதான் காசு வீணாகிறது.

பொருளுக்கு முன்னால் அளவும் தூரமும்

நடிகர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அந்த அளவுக்கு ஒளி மென்மையாக விழும். சூரியன் பூமியைப் போல 109 மடங்கு விட்டம் உடையது. ஆனாலும் இங்கிருந்து பார்த்தால் வானத்தில் அரை டிகிரி அகலம்தான். அதனால்தான் மதிய வெயிலில் நிழல் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. மேகம் வந்து மறைத்துவிட்டால் வானம் முழுக்க விளக்காகி நிழல் கரைந்துவிடுகிறது. நாம் துணி கட்டுவதும் இதற்காகத்தான்.

இது மனதில் நின்றால் பாதிச் செலவு மிச்சம். ஒரு துண்டு டிஃப்யூஷனை விளக்கின் வாயிலேயே கிளிப் போட்டு மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி மாட்டினால் ஒளி குறையும், ஆனால் ஒளி வரும் பரப்பு இன்னும் ஒரு சாண் அகலம்தான் என்பதால் முகத்தில் பெரிய மாற்றம் தெரியாது. அதே பொருளை ஒரு மீட்டர் சட்டத்தில் இழுத்துக் கட்டி விளக்குக்கு முன்னால் தள்ளி நிறுத்துங்கள்; அப்போது துணிதான் விளக்கு. சுமார் 55 டிகிரி விரியும் ரிஃப்ளெக்டர் (ஒளியை முன்னால் திருப்பும் கிண்ணம்) மாட்டிய விளக்கை ஒன்றரை மீட்டர் பின்னால் வைத்தால், துணியில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விட்டத்துக்கு ஒளி நிரம்பும். கிட்டே வைத்தால் நடுவில் மட்டும் ஒரு வட்டம் பளீரென்று எரியும், ஓரமெல்லாம் மங்கிக் கிடக்கும். ஓரம் எரியாத துணி இருந்தும் இல்லாததுதான்.

துணிக்கும் முகத்துக்கும் உள்ள தூரமும் அப்படித்தான். ஒரு மீட்டர் சதுரத் துணி முகத்திலிருந்து ஒரு மீட்டரில் இருப்பதற்கும் இரண்டு மீட்டரில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டு மீட்டருக்குப் போனால் துணி பாதி அகலமாகத் தெரியும், முகத்தில் விழும் ஒளியும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஆகவே கேமராவின் பார்வைக்குள் துணி தெரியாத எல்லை வரை அதைக் கிட்டே கொண்டுவாருங்கள். சட்டமும் ஸ்டாண்டும் இல்லாமல் விலை கூடிய ரோலை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

ரோலும் காகிதமும்

தொழில்முறைத் தளங்களில் பயன்படுத்துகிற ரோல்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதையெல்லாம் அதோடுதான் ஒப்பிட வேண்டும். லீ நிறுவனத்தின் 216 என்ற முழு வெள்ளை, தன்மேல் விழும் ஒளியில் 36 சதவீதத்தை விடும், அதாவது ஒன்றரை ஸ்டாப் இழப்பு (ஒளி பாதியாகக் குறைவது ஒரு ஸ்டாப்). 250 என்ற அரை வெள்ளை 60 சதவீதம், 251 என்ற கால் வெள்ளை 80 சதவீதம். ரோல் 1.22 மீட்டர் அகலம், 7.62 மீட்டர் நீளம். ஒளியின் நிறம் மாறாது, சூடு தாங்கும், இன்று வாங்கினாலும் அடுத்த வருஷம் வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கும். இந்த நம்பகத்துக்குத்தான் காசு. முழு ரோல் சில நூறு வெள்ளி ஆகும். ஒரு குறும்படக் குழுவுக்கு அது தேவையில்லை. விளக்கு வாடகைக்கு எடுக்கும் இடத்தில் 250 ஒரு துண்டு மட்டும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் வாங்கிப் பத்திரமாகச் சுருட்டி வையுங்கள். மடித்தால் விழும் மடிப்பு போகாது.

டிரேசிங் பேப்பர் தரும் ஒளி அருமையானது. விளக்கின் உருவம் முழுதாக மறைந்து, பரப்பு முழுக்கச் சீராக எரியும். ஆனால் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அது தாங்காது. காலையில் விறைப்பாகக் கட்டிய காகிதம் மதியம் மழை பிடிக்கும் நேரத்தில் தொய்ந்து அலை அலையாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் அந்த மாதங்களில் இன்னும் மோசம். அடுத்த தொல்லை சத்தம். மின்விசிறி ஓடினால் காகிதம் படபடக்கும். விசிறியை நிறுத்தினால் நடிகர் வியர்வையில் நனைவார். இரண்டுக்கும் நடுவில் ஒலிப்பதிவு செய்கிறவர் பாடு திண்டாட்டம். ஒரே நாள், ஒரே அறை, குளிர்சாதனம் உண்டு, வசனம் குறைவு என்றால் டிரேசிங் பேப்பர் வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

பேக்கிங் பேப்பரை முழு விளக்குக்குப் பயன்படுத்த முடியாது, அகலம் 30 சென்டிமீட்டர்தான். ஆனால் காட்சியில் தெரிகிற மேசை விளக்கு, சுவர் விளக்கு, பூஜை அறை பல்பு இவற்றின் கூண்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் பளிச்சென்று கண்ணைக் குத்தும் பல்பு அடங்கிப்போகும். சிலிக்கோன் பூசிய வெள்ளைத் தாள்தான் வாங்க வேண்டும். அது பொதுவாக 220 டிகிரி செல்சியஸ் வரை சூடு தாங்கும். பழுப்பு நிறத் தாள் ஒளியை மஞ்சளாக்கும். மெழுகுத் தாள் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் பல்புக்குப் பக்கத்தில் வைத்தால் மெழுகு உருகி நெருப்புப் பிடிக்கும். பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

குளியலறைத் திரை

இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். பால்வெள்ளை நிறத்தில், படம் எதுவும் அச்சிடாத திரை ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் சதுரத்தில் 20 வெள்ளிக்குள் கிடைக்கிறது. மேல் ஓரத்தில் வளையம் மாட்டத் துளைகளும் ஏற்கெனவே இருக்கும். அவ்வளவு பெரிய பரப்பை இந்த விலைக்கு வேறு எதிலும் வாங்க முடியாது.

இதற்கு மிகப் பொருத்தமான இடம் ஜன்னல். பழைய அடுக்குமாடிகளிலும் தாமான் என்ற வீட்டுக் குடியிருப்புகளிலும் இருக்கும், கண்ணாடித் தகடுகள் அடுக்கிய நாக்கோ ஜன்னலை நினைத்துப் பாருங்கள். காலை வெயில் நேராக உள்ளே விழுந்தால் சுவரிலும் முகத்திலும் கண்ணாடித் தகடுகளின் வரிவரியான நிழல் விழும், அரை மணிக்குள் அது நகர்ந்துவிடும். எடிட்டிங்கில் ஷாட்டுக்கு ஷாட் ஒட்டாது. வெளிப்பக்கம் நடைபாதை இருந்தால் கம்பியில் இந்தத் திரையைத் தொங்கவிட்டுவிடுங்கள். ஜன்னல் முழுக்க ஒரே வெள்ளை ஒளியாகும், வரி மறையும், வெளியே காயப்போட்ட துணியும் தண்ணீர்த் தொட்டியும் தெரியாது. மழைச் சாரல் அடித்தாலும் கவலையில்லை.

குறைகளும் உண்டு. பிவிசி திரை புதிதில் நாறும். முதல் நாள் இரவே பிரித்துக் காற்றாட விட வேண்டும். பெவா (PEVA, இன்னொரு வகைப் பிளாஸ்டிக்) என்று எழுதியிருப்பதில் நாற்றம் குறைவு. சிலவற்றில் லேசான நீலமோ பச்சையோ கலந்திருக்கும், கடை வெளிச்சத்தில் அது தெரியாது. அப்புறம் சூடு: நூறு டிகிரிக்குக் கீழேயே பிவிசி இளகத் தொடங்கிவிடும். எல்இடியும் ஜன்னலும் மட்டும்தான் இதற்குத் தோது. ஹாலஜன் விளக்கின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

படுக்கை விரிப்பைப் பற்றி ஒரு வரி போதும். ஒளி ஊடுருவிப் போக அது மிகவும் அடர்த்தி. இரண்டு ஸ்டாப் போய்விட்டால் உங்கள் 60 வாட் விளக்கு 15 வாட் விளக்காகிவிடும். விரிப்பு வீட்டில் இருந்தால் ஒளியைத் திருப்பி அடிக்க வைத்துக்கொள்ளுங்கள், இதற்கென்று வாங்காதீர்கள்.

வேட்டியும் வாயில் துணியும்

என் பார்வையில் நம் குழுக்களுக்கு முதலில் வாங்க வேண்டிய பொருள் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணிதான். சத்தம் போடாது, மடித்துப் பையில் திணிக்கலாம், துவைக்கலாம், கசங்கினாலும் ஒளியில் அது தெரியாது, கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, ஒரு மடிப்புக் கட்டினால் மெல்லியது, இரண்டு மடிப்புக் கட்டினால் அடர்ந்தது என்று ஒரே துணியை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம்.

வேட்டி பெரும்பாலான வீடுகளில் இருக்கும். நாலு முழம் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம். எட்டு முழம் அதைப் போல இரு மடங்கு நீளம். ஒரு முகத்துக்கோ, சோபாவில் ஒட்டி உட்கார்ந்த இருவருக்கோ நாலு முழமே தாராளம். வண்ணக்கரையோ சரிகையோ இருந்தால் அந்தப் பட்டை சட்டக் குழாயைச் சுற்றிப் பின்பக்கம் போகும்படி கட்டுங்கள். கடையிலிருந்து வந்த புதுவேட்டியில் கஞ்சி இருக்கும், ஒருமுறை தண்ணீரில் அலசினால் துணி இளகி ஒளி சீராகப் பரவும்.

நிறம் ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். பளீர் வெள்ளை வேட்டிகளில் வெண்மைக்காக ஒரு சாயம் சேர்த்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழ்வது அதன் குணம். சாதாரண எல்இடி விளக்கில் புற ஊதா மிகக் குறைவு என்பதால் வீட்டுக்குள் ஒன்றும் தெரியாது. வெயிலில் பிடித்தால் முகத்தில் லேசாக நீலம் ஏறும். நீலம் போட்டு வெளுத்த வேட்டி எங்கே பிடித்தாலும் அப்படித்தான். வெயிலுக்கென்று வைக்கும் துணியை நீலமும் வெண்மைத் தூளும் இல்லாத சோப்பில் துவையுங்கள்.

வாயில் துணி இதைவிட ஒரு படி மேல். கரை கிடையாது, நெசவு நெருக்கமாகவும் நூல் மெலிதாகவும் இருக்கும், 60 அங்குல அகலத்தில் கிடைத்தால் 2 மீட்டர் வெட்டினாலே ஆளுயரச் சட்டம் நிறைந்துவிடும். ஜாலான் மஸ்ஜித் இந்தியா, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் துணிக்கடைகளுக்குக் குறைவில்லை. “எத்தனை மீட்டர் வெட்டணும் தம்பி?” என்று கடைக்காரர் கத்தரிக்கோலை எடுக்கும் முன்பே, “அண்ணே, ஒரு நிமிஷம் விரிச்சுப் பிடிங்க, டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். படம் எடுக்கத்தான் என்று சொன்னால் உள்ளே இருக்கும் இன்னும் நாலு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து போடுவார்கள்.

சோதனை எளிது. கைப்பேசி டார்ச்சைத் துணிக்கு ஒரு சாண் பின்னால் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். டார்ச்சின் புள்ளி அப்படியே தெரிந்தால் அந்தத் துணி ஒளியைக் குறைக்குமே தவிர மென்மையாக்காது. புள்ளியும் தெரிந்து அதைச் சுற்றி ஒளிவட்டமும் படர்ந்தால் அது பாதி டிஃப்யூஷன், வெயிலுக்கு நல்லது. புள்ளியே தெரியாமல் வட்டம் முழுதும் ஒரே மாதிரி எரிந்தால் முழு டிஃப்யூஷன். வீட்டுக்குள் முகத்துக்கு இதுதான் வேண்டும். துணியை இரண்டாக மடித்து மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒரு மடிப்பில் பாதியும் இரு மடிப்பில் முழுதும் ஆகிற துணி கிடைத்தால் யோசிக்காமல் 5 மீட்டர் வாங்கிவிடுங்கள். நிறத்துக்கு, கடை வாசலுக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று துணியை வெளிச்சத்துக்கு நேரே பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் கைப்பேசியில் ஒரே படமாக எடுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் வெள்ளைதான். பக்கத்தில் வைத்தால் எது நீலம், எது பழுப்பு என்று உடனே பிரிந்துவிடும்.

வெளுக்காத காடாத் துணியின் பழுப்பை ஒதுக்க வேண்டாம். இரவுக் காட்சி, குத்துவிளக்கு, சமையலறைப் பல்பு மாதிரி மஞ்சள் ஒளி வேண்டிய இடத்தில் அது தரும் சூடான நிறத்தை நிற ஜெல் தாள் போட்டுக் கொண்டுவர முடியாது என்றே சொல்வேன். பகல் ஜன்னல் ஒளியோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

துணியால் எவ்வளவு ஒளி குறைகிறது என்று எண்ணிக்கையில் தெரிய வேண்டுமென்றால் கைப்பேசியில் லக்ஸ் (ஒளியின் அளவு) அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். விளக்கையும் கைப்பேசியையும் அசைக்காமல், துணி இல்லாமல் ஒன்று, துணியோடு ஒன்று. பாதியானால் ஒரு ஸ்டாப், கால்வாசியானால் இரண்டு. அந்த எண்ணைத் துணியின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வைத்தால் ரோல் வாங்கியவர்களுக்கு இருக்கும் நிச்சயம் உங்களுக்கும் வந்துவிடும்.

நம் முகங்களுக்கு ஏன் பெரிய துணி

மாநிறமும் கறுப்புமான முகத்தில் சின்ன விளக்கு நேராக அடித்தால் நெற்றி, மூக்கு நுனி, கன்ன எலும்பு மூன்றும் வெள்ளைப் புள்ளிகளாக மினுங்கும், மற்ற இடமெல்லாம் இருளில் போய்விடும். கேமரா பிடிக்கிறவர் புள்ளியை அடக்க எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியை) குறைத்தால் முகமே கறுத்துப்போகும். முகத்தைத் தூக்கினால் புள்ளி வெளுத்துப்போகும். உடனே “முகம் டல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் பவுடர் போடுங்க” என்று மேக்கப் போடும் அக்காவைக் கூப்பிடுவார்கள். நடிகரின் சொந்த நிறத்தை மூன்று படி வெளுக்க வைத்துவிட்டு, ஒளியை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. குறை முகத்தில் இல்லை, விளக்கின் அளவில் இருக்கிறது.

கறுத்த தோல் ஒளியை வாங்கிச் சிதறவிடுவதைவிட மேற்பரப்பில் பிரதிபலிப்பதுதான் கண்ணுக்கு அதிகம் தெரியும். எனவே எதைப் பிரதிபலிக்கக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. சின்ன விளக்கைக் கொடுத்தால் சின்னப் புள்ளி. ஆளுயர வாயில் துணியை முகத்துக்குப் பக்கவாட்டில் கிட்டே கொடுத்தால், அந்தத் துணி முழுதும் கன்னத்தின் வளைவில் அகலமாகப் படர்ந்து, நெற்றியிலிருந்து தாடை வரை மெதுவாக இறங்கும். அறுபது வயது அம்மா ஒருவரை அப்படி உட்காரவைத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் சுருக்கம், மூக்குத்தியின் கல், காதோர நரை எல்லாம் தெரியும், எதுவும் உறுத்தாது. வாட் கூட்டி இதைக் கொண்டுவர முடியாது. மெல்லிய துணியைப் பெரிதாகக் கட்டுவது, அடர்ந்த பொருளைச் சின்னதாகக் கட்டுவதைவிட நமக்கு நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

உச்சி வெயில்

வெளிப்புறத்தில் கணக்கு மாறும். கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் உச்சிவேளை பெரும்பாலும் 1.15-ஐ ஒட்டி விழும். பிப்ரவரியில் 1.27 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 1 மணிக்குச் சற்று முன்னால் வரும். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேலேயே நிற்கும். காலையில் 8.30, 9 மணிக்கு எடுத்தால் துணியை ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் போதும். மதியம் 1 மணிக்கு எடுத்தால் துணியைத் தலைக்கு மேலே படுக்கையாக, இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆள் இல்லாத குழு 11.30 முதல் 3 மணி வரை வெளிக்காட்சி வைக்காமல் இருப்பதே பெரிய சேமிப்பு.

வெயிலுக்கு அடர்ந்த துணி ஆகாது. துணிக்குக் கீழே நடிகர் இருப்பார், பின்னால் தெரியும் தெருவும் கோயில் சுவரும் நேர் வெயிலில் இருக்கும். துணி இரண்டு ஸ்டாப் குடித்தால் நடிகருக்குச் சரியாக எக்ஸ்போஷர் வைக்கும்போது பின்னணி இரண்டு ஸ்டாப் வெளுத்துவிடும். பத்துமலை அடிவாரத்தில் பொன்னிற முருகன் சிலை பின்னணியில் தெரியவேண்டும் என்று ஷாட் வைத்துவிட்டு மேலே படுக்கை விரிப்பைப் பிடித்தால் சிலையே வெளிறிவிடும். ஒற்றை மடிப்பு வாயில், அதாவது டார்ச் சோதனையில் புள்ளியும் வட்டமும் தெரிந்த துணி, இங்கேதான் கைகொடுக்கும். நிழலின் கூர்மையை மட்டும் மழுக்கும், ஒளியை அதிகம் தின்னாது. இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்திருந்தால் தையல் கோடு முகத்தில் மெலிதாக விழலாம். தையலை ஓரத்துக்குத் தள்ளிப் பிடியுங்கள்.

காற்றை லேசாக நினைக்கக் கூடாது. ஆறடிச் சட்டத்தில் துணி கட்டிவிட்டால் அது பாய்மரம்தான். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டையோ, தண்ணீர் நிரப்பிய 5 லிட்டர் போத்தல்களோ கட்டாயம் வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் கை வைத்துக்கொண்டே நிற்க வேண்டும். வானம் கறுத்து மழைக்கு முன் வரும் அந்த முதல் காற்று அடித்தால் ஷாட் பாதியில் இருந்தாலும் இறக்கிவிடுங்கள்.

துணி வழியாக விடாமல், துணியில் அடித்து

1956-இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் காட்ட வேண்டியிருந்தது. மேலே திறந்த வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத ஒளி வேண்டும். அரங்கின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வந்த ஒளியில் எடுத்தார். விலை கூடிய பொருள் எதுவும் இல்லை, துணிதான்.

இடம் குறைந்த நம் அடுக்குமாடி வீடுகளுக்கு இது மிகப் பொருந்தும். கோலாலம்பூரின் செந்தூல் வட்டார வீட்டு வரவேற்பறையில் விளக்குக்கும் துணிக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் விட இடமிருக்காது. விளக்கை நடிகருக்கு முதுகுகாட்டித் திருப்பி வெள்ளைச் சுவரில் அடித்தால் சுவரே பெரிய விளக்காகிவிடும், அந்தத் தூரமும் மிச்சம். சுவர் மஞ்சளோ பச்சையோ பூசியிருந்தால் முகமும் அந்த நிறமாகும். அப்போது படுக்கை விரிப்பையோ பாலிஸ்டைரின் பலகையையோ சுவரில் சாத்திவிடுங்கள். ஒளி கொஞ்சம் அதிகமாகவே வீணாகும். ஆனால் இப்போதைய கேமராக்களின் உணர்திறனில் 60 வாட் விளக்கு இரண்டு பேர் பேசும் காட்சிக்குத் தாங்கும். ஒளி எங்கும் சிதறிப் பின்சுவரும் வெளுக்கும் என்பது இதன் குறை. கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டுப் பின்சுவருக்குப் போகும் ஒளியை வெட்டலாம். இன்னும் மென்மை வேண்டுமென்றால், பலகையில் அடித்துத் திரும்பும் ஒளியின் குறுக்கே வாயில் துணியைக் கட்டுங்கள். அதற்கு மேல் மென்மையான ஒளியை நான் வாடகை விளக்குகளில்கூடப் பார்த்ததில்லை.

காகிதக் கூண்டு சாப்பாட்டு மேசைக்கு நல்லது. சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் மேசைக்கு மேலே ஒன்றைத் தொங்கவிட்டு எல்இடி பல்பு போட்டால் எல்லா முகமும் ஒரே மாதிரி கிடைக்கும். வெள்ளைக் கூண்டாக இருக்க வேண்டும், பல்பு சூடேறாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொசுவலையும் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக்கும் வேண்டாம். வலை ஒளியைக் குறைக்கும், மென்மையாக்காது. குமிழ் பிளாஸ்டிக் சுவரில் புள்ளி புள்ளியாக விழும், தொட்டாலே சத்தம்.

சூடு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 500 வாட் ஹாலஜன் விளக்கு மலிவு என்று இன்னும் சிலர் வாங்குகிறார்கள். அதன் குழாய் பல நூறு டிகிரி சூடேறும். பிவிசி இளகும், பாலியஸ்டர் 250 டிகிரியை ஒட்டி உருகிச் சொட்டும், பருத்தி கருகித் தீப்பிடிக்கும். எந்தத் துணியும் விளக்கின்மேல் போர்த்தப்படவே கூடாது. ஹாலஜன் என்றால் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிச் சட்டத்தில்தான். எல்இடி விளக்கிலும் பின்பக்கக் காற்றுத் துளைகளை மறைத்தால் விசிறி மூச்சடைத்து விளக்கு கெட்டுவிடும். கவ்விப் பிடிக்க மரக் கிளிப்பே போதும், துணி காயப்போடும் அதே கிளிப். பிளாஸ்டிக் கிளிப் சூட்டில் வளையும்.

எப்படிப் பிரித்து வாங்கலாம்

பெரும்பகுதி வீட்டுக்குள் எடுக்கும் குடும்பக் கதை என்றால், 200 வெள்ளியில் முதலில் சட்டத்துக்கு எடுத்துவையுங்கள். முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ உள்ள பிவிசி குழாய், நாலு மூலைக்கும் வளைவு. அரை அங்குலக் குழாய் விலை குறைவுதான், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு நடுவில் தொய்ந்துவிடும். மூலைகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். கழற்றி மைவி காரின் பின்னாலும் வைக்கலாம். அடுத்தது 5 மீட்டர் வாயில், ஒரு குளியலறைத் திரை, ஒரு பாலிஸ்டைரின் பலகை, ஒரு கட்டு மரக் கிளிப். வேட்டியும் விரிப்பும் வீட்டிலிருந்தே வரட்டும். மீதி ஏதாவது நின்றால் 250 ஒரு துண்டு.

வெளிப்புறம் அதிகம் என்றால் குளியலறைத் திரையை விட்டுவிடுங்கள். ஒரு அங்குலக் குழாயில் இரண்டு சட்டம் செய்து, ஒன்றில் ஒற்றை மடிப்பும் மற்றொன்றில் இரட்டை மடிப்பும் நிரந்தரமாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தைத் துணியைப் பிடிக்க வரும் இரண்டு நண்பர்களின் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். முழுக்க இரவு, மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்), தெருவிளக்கு என்று கதை போனால் துணியே அதிகம் தேவைப்படாது. ஒரு காகிதக் கூண்டும் இரண்டு மீட்டர் காடாத் துணியும் வாங்கிக்கொண்டு, மீதியில் நல்ல நிறம் தரும் பல்புகளை வாங்குங்கள்.